ஆசியா உம்மாவின் மடியில்

காலிதீன் என்று வாப்பா வைத்த பெயர் என் மனிசனுக்கு அடையாள அட்டையில் மட்டும்தான் இருக்கிறது. கல்முனைக்குடியில் யாரைக் கேட்டாலும் அதிபர் என்றுதான் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் அதிபர், பள்ளிவாசலில் நிர்வாக சபை, கல்யாணப் பேச்சில் நடுவர். மரணம் நடந்த மையத்து வீட்டில் பந்தல் கம்பை எங்கே நடுவது என்றுகூட அவர் வந்து சொன்னால்தான் நடுவார்கள். மற்றவர்களின் பிழையைத் திருத்தாமல் அவருக்குப் பொழுது போகாது. மீன் ஆணத்தில் புளி கொஞ்சம் கூடிவிட்டால் அதற்கும் நான் பள்ளிவாசல் பிரசங்கம் மாதிரி ஒரு பயான் கேட்க வேண்டும். கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது.

இப்படிப்பட்டவர், யுத்தம் முடிவதற்கு முந்தின வருசம் நொண்டத் தொடங்கினார். இடது தொடை இடுப்போடு சேருகிற இடத்தில் வலி. முதலில் வாதம் என்றார். பிறகு பழைய சைக்கிளில் பழி போட்டார். கடைசியில் நெற்றியை நிலத்தில் வைக்க முடியாமல் போய், பள்ளியில் வரிசையின் ஓரத்தில் பிளாஸ்டிக் கதிரை போட்டுத் தொழுதார். எல்லாரும் சுஜூதில் கிடக்க அவர் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். அது அவருக்குப் பெரிய வெட்கம்.

கல்முனையில் எக்ஸ்ரே எடுத்தோம். அதில் ஒன்றும் தெரியவில்லை. அங்கிருந்த டொக்டர் நிதானமான மனிதர், எனக்கும் விளங்குகிற மாதிரிச் சொன்னார். எக்ஸ்ரேயில் எலும்பின் உருவம் தெரியும், அதற்குள் உயிர் இருக்கிறதா என்று தெரியாது. தொடை எலும்பின் தலைப்பந்துக்கு ரத்தம் போகாமல் அது செத்துக்கொண்டு வருகிறதோ என்று அவருக்குச் சந்தேகம். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தால்தான் பிடிபடும். பந்து உருண்டையாக இருக்கும்போதே கண்டுபிடித்தால் துளை போட்டுக் காப்பாற்றலாம். நொறுங்கிய பிறகு கண்டுபிடித்தால் முழு இடுப்பையும் மாற்ற வேண்டும். "சுணங்க வேணாம் சேர்," என்றார்.

ஸ்கேன் கொழும்பில்தான். போனோம். அங்கே நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் ஒரு வாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சுனாமி வந்த பிறகு எங்கள் பள்ளிக்கூடம் அகதி முகாம் ஆனது. இவர்தான் பொறுப்பு. அரிசி, கூடாரம், மலசலகூட வரிசை எல்லாவற்றையும் ஓடியோடிப் பார்த்தார். அதில் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு முற்றத்தில் சனத்தைக் கூட்டி, ஒரு வாளியை நடுவில் வைத்தார். தாயத்து, நூல், இசிம் எழுதின தகடு, எது கட்டியிருந்தாலும் கழற்றி இதற்குள் போடுங்கள் என்றார். அல்லாஹ்வை விட்டு நூலை நம்பினதற்குத்தான் கடல் வந்தது என்றார். சனம் பயந்து போயிருந்தது. ஒவ்வொருவராக வந்து போட்டார்கள்.

ஆசியா உம்மா மட்டும் அசையவில்லை. அவளுடைய மகள் முஸ்பிறாவை அலை அவள் கையிலிருந்துதான் கொண்டு போனது. மையத்து கிடைத்தபோது பிள்ளையின் அரையில் கட்டியிருந்த கறுப்பு நூலும் சின்னத் தாயத்தும் அப்படியே இருந்தன. குளிப்பாட்டும்போது அதைக் கழற்றித் தன் மணிக்கட்டில் கட்டியிருந்தாள். அவளிடம் மிஞ்சியது அது ஒன்றுதான்.

இவர் அவளைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "நூல நம்பின கை புள்ளைய விட்டுட்டு. இன்னமும் அந்த நூல் வேணுமா?"

ஆசியா உம்மா எழும்பி வந்தாள். வலது கை மணிக்கட்டைத் தூக்க முடியாமல், இடது கையால் அதை வாய்வரைக்கும் உயர்த்தி, பல்லால் நூலைக் கடித்து அறுத்து வாளியில் போட்டாள். அந்த வலது கை ஏன் எழும்பவில்லை என்று அன்று யாரும் கேட்கவில்லை. பின்னேரம் வாளியைக் கொண்டுபோய்க் கடலில் கொட்டினார்கள்.

இனி வெட்கக்கேடு. அடுத்த நோன்பு வருவதற்கு முன்னால், என் வீட்டு அதிபர் நித்திரையில் அலறத் தொடங்கினார். கண்ணை மூடினால் தண்ணீர் வருகிறதாம். கடற்கரை ரோட்டால் போவதை விட்டார். மழை பலமாகப் பெய்தால் கதவுக்கு மேல் கதவாகப் பூட்டுவார். ஓதிப் பார்த்தார், மாத்திரை குடித்தார், ஒன்றும் சரிவரவில்லை. ஒரு நாள் என் முகத்தைப் பார்க்காமலே, "சம்மாந்துறப் பக்கம் ஓதிக் கட்டுற ஒரு லெப்பை இருக்காராமே, கேட்டுப் பாரு," என்றார். நான்தான் போய் வாங்கி வந்தேன். வெள்ளிக் கூடு, உள்ளே ஓதின தகடு, தகட்டோடு ஒரு துண்டு இரும்பாணி. இரும்பு இருந்தால் எதுவும் கிட்ட வராது என்றார் லெப்பை. கறுப்பு நூலில் கோத்து இடுப்பில் கட்டினேன். அன்றிலிருந்து அவர் நிம்மதியாகத் தூங்கினார். வெளியே பயானும் பழையபடி தொடர்ந்தது. மேடையில் அவர் தாயத்தைப் பற்றிப் பேசும்போது பெண்கள் பக்கத்தில் இருந்து நான் என் முக்காட்டை இழுத்து இழுத்து விட்டுக்கொள்வேன்.

கொழும்புக்கு நோயாளிகளை ஏற்றிப் போகிற றிப்தியின் வேனில் இடம் எடுத்தோம். வேனில் ஏறினால் பின் சீட்டில் ஆசியா உம்மா இருக்கிறாள். கட்டாரில் இருக்கிற தம்பி வற்புறுத்தி, எழும்பாத அந்த வலது தோளுக்கு இப்போதாவது ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறான். அவளுக்குப் பக்கத்தில் கந்தப்போடி அண்ணன். பாண்டிருப்பில் மீன்பிடிக்கிறவர், முழங்கால் வீங்கி வள்ளத்தில் ஏற முடியாமல் இருந்தார். இவர் முன் சீட்டில் ஏறி, எல்லாருக்கும் பயணத் துஆ சொல்லிக் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகு திரும்பிப் பார்க்கவே இல்லை.

யுத்தம் முடிந்துவிட்டது என்று அறிவித்த கிழமை அது. சிங்கள ஊர்களில் கொடியும் பட்டாசும் பாற்சோறும். கந்தப்போடி அண்ணனின் தங்கச்சி மகன் துசாந் வன்னியில் என்ன ஆனான் என்று தெரியாது. ஒவ்வொரு பட்டாசுக்கும் அவர் ஜன்னல் கண்ணாடியை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடினார்.

செக் பொயின்ட்டில் எல்லாரையும் இறக்கி நடக்க விட்டார்கள். பெண்கள் பக்கம் சோதனை முடிந்து வெளியே வந்தபோது இவரை ஒரு ஆமிக்காரப் பையன் தடவிக்கொண்டிருந்தான். கை இடுப்புக்குப் போனதும் நின்றது. "மேக மொகத்த?" என்று கேட்டான். இது என்ன என்கிறான். என் மனிசனின் முகம் சாம்பலாகப் போனது. பையன் சேட்டுக்கு மேலாலேயே விரலால் அந்தக் கூட்டை உருட்டிப் பார்த்தான். பிறகு சிரித்துக்கொண்டு தன் கழுத்துச் சட்டைக்குள் இருந்து ஒரு நூலை இழுத்துக் காட்டினான். அதிலும் ஒரு கூடு. "மடத் தியெனவா," என்றான். எனக்கும் இருக்கு என்கிறான். பாவம், சிநேகமாகத்தான் சொன்னான். இவரோ திருடன் மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு நொண்டி நொண்டி வேனுக்கு ஓடினார்.

அடுத்த நாள் காலையில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஸ்கேன் அறைக்கு வெளியே நாங்கள் வரிசையாக உட்கார்ந்தோம். நர்ஸ் சிங்களத்தில் கேள்வி கேட்டாள். இவர்தான் எல்லாருக்கும் மொழிபெயர்த்தார். ஆஸ்பத்திரிக்கு வந்தாலும் அவருக்கு ஒரு வகுப்பறை கிடைத்துவிடும்.

"கவனமாக் கேளுங்க. உள்ளுக்கு இருக்கிறது பெரிய காந்தம். உடம்புல ஷெல் துண்டு, ஆணி, ஊசி, மோதிரம், நூல்ல கோத்த சாமான் ஒண்டும் இருக்கப்படாது. எல்லாத்தையும் கழட்டிட்டுத்தான் போகணும். விளங்கினதா?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார்.

ஆசியா உம்மா முதலில் போய்த் தோளைப் படம் பிடித்துக்கொண்டு வந்தாள். வந்து உட்கார்ந்ததும், உள்ளே போகிறவர்களின் சாமானை வைத்துக்கொள்ள அவளே முன்வந்தாள். மடியில் முகம் துடைக்கிற லேஞ்சியை விரித்து, இடது கையால் அதைக் காவல் காத்தாள். வலது கை பக்கத்தில் சும்மா கிடந்தது.

கந்தப்போடி அண்ணன் எழும்பினார். மணிக்கூட்டைக் கழற்றினார். கழுத்தில் இருந்த வெள்ளிச் சங்கிலியையும் சாரத்தை விலக்கி அரைஞாணையும் அச்சரக்கூட்டையும் கழற்றினார். எல்லாவற்றையும் லேஞ்சியில் வைத்து, "முருகா, கொஞ்ச நேரம் ஆசியா தங்கச்சியோட இரு. காந்தத்துக்குள்ள உன்னால வர ஏலாதாம்," என்றார். இவரைத் திரும்பிப் பார்த்து, "கோவிச்சுக்காதீங்க சேர்," என்று கண்ணைச் சிமிட்டினார். எல்லாரும் சிரித்தோம். ஆசியா உம்மாவும் சிரித்தாள். இவர் மட்டும் தொண்டையைச் செருமினார்.

படம் முடிந்து வந்த கந்தப்போடி அண்ணன், எல்லாரும் முடிந்த பிறகு எடுக்கலாம் என்று தன் சாமானை அவள் மடியிலேயே விட்டிருந்தார். எங்களில் இவருடைய முறை கடைசி. மணிக்கூடு, மூக்குக் கண்ணாடி, வெள்ளி மோதிரம், பேர்ஸ் எல்லாம் ஆசியா உம்மாவின் மடிக்குப் போயின. வேறு ஒன்றும் இல்லையா என்று நர்ஸ் கேட்டாள். இல்லை என்றார். ஆஸ்பத்திரிச் சட்டைக்குக் கீழே சாரத்தை இறுக்கிக்கொண்டு உள்ளே போனார்.

அரிசி ஆலைச் சத்தம் மாதிரி உள்ளே இடித்தது. கொஞ்ச நேரத்தில் சட்டென்று நின்றது. படம் எடுக்கிற தம்பி கதவைத் திறந்து என்னைக் கூப்பிட்டான். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த திரையைக் காட்டினான். வலது பக்க எலும்பு அழகாக, பந்தும் கிண்ணமுமாகத் தெரிந்தது. இடது பக்கத்தில் எலும்பே இல்லை. ஒரு கறுப்பு ஓட்டை. அதைச் சுற்றியிருந்த தசை எல்லாம் அந்த ஓட்டையை நோக்கி வளைந்து கோணியிருந்தது. "இரும்பு," என்றான். "இந்தப் படத்த வெச்சு டொக்டரால ஒண்டும் சொல்ல ஏலாது."

அதற்குள் இவரை வெளியே கொண்டுவந்தார்கள். கந்தப்போடி அண்ணனும் ஆசியா உம்மாவும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நர்ஸ் கொஞ்சம் கோபமாகவே கேட்டாள். என் மனிசன் கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னார்: "சாரத்துல ஊசி இருந்திருக்கும். இவதான் நேத்துத் தைச்ச. எதையும் கவனமாச் செய்ய மாட்டா."

என் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. இத்தனை காலமும் அவருடைய தாயத்தை மறைத்தவளுக்குக் கிடைத்த பரிசு அது. நர்ஸ் என்னை மேலும் கீழும் பார்த்தாள். டொக்டர் பகலுக்குப் பிறகு இருக்க மாட்டார், அவர் மறுபடி வர மாசக்கணக்காகும், பகலுக்குள் சரிபார்த்துவிட்டு வாருங்கள் என்று சொல்லி வேறொருவரை உள்ளே எடுத்தாள்.

நடைபாதை மூலைக்கு அவரை இழுத்துக்கொண்டு போனேன்.

"இஞ்சாருங்க, தாங்க அத. பேக்குக்குள்ள வெச்சிருக்கன். ஒருத்தருக்கும் தெரியாது."

"ஏலாது."

"என்ன ஏலாது? அந்தப் பந்து நொறுங்கினாப்பிறகு தருவீங்களா?"

அவர் சுவரில் சாய்ந்தார். குரல் தாழ்ந்து போயிருந்தது. "உள்ளுக்குப் போகக்குள்ள அது இழுத்திச்சு சுபைறா. தன்பாட்டுல எழும்பி நிண்டுது. என்னைய விட்டுப் போகப் பாத்திச்சு. அது இல்லாம அந்தக் குழாய்க்குள்ள என்னைய அனுப்பாத. மூச்சு முட்டும். தண்ணி வரும்."

"அது காந்தம் மனிசா. எட்டாம் வகுப்புக்கு இரும்புத்தூள் போட்டுக் காந்தம் படிப்பிச்ச ஆள் நீங்கதானே?"

"தெரியும். எல்லாம் தெரியும். தெரிஞ்சும் ஏலாம இருக்கு."

அதுவரைக்கும் அவர் ஊருக்குப் பயந்து மறைக்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன். அவருக்கு ஊர் இரண்டாம் பயம்தான். அந்த முற்றத்தில் நின்று மற்றவர்களின் நூலை வாளியில் போட வைத்த மனிசன், தன் நூல் இல்லாமல் ஒரு அறைக்குள் படுக்கப் பயப்படுகிறார். எனக்குக் கோபம் வர வேண்டும், வந்தது வெட்கம். அவருக்காக, என் காது வரைக்கும் வெட்கமாக இருந்தது.

அப்போது நர்ஸ் வந்து டொக்டர் ஆசியா உம்மாவைக் கூப்பிடுகிறார் என்றாள். டொக்டருக்குத் தமிழ் தெரியாது, ஆசியா உம்மாவுக்கு வேறு மொழி தெரியாது. "சேர், நீங்க வந்து சொல்லித் தாங்களேன்," என்று ஆசியா உம்மாவே இவரிடம் கேட்டாள். இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. மடியில் இருந்ததை லேஞ்சியோடு முடிந்து கையில் பிடித்துக்கொண்டு அவள் நடந்தாள். பின்னால் இவர், அவருக்குப் பின்னால் நான். சின்ன வகுப்புக்கு இங்கிலீஷ் படிப்பித்தவள் நான், கொஞ்சம் விளங்கும்.

டொக்டர் வயதானவர், பொறுமையானவர். வெளிச்சப் பெட்டியில் படத்தைச் செருகிப் பேனை முனையால் காட்டினார். தோள் எலும்பு இங்கே. அதில் ஒட்டியிருக்க வேண்டிய தசைநார் இங்கே இல்லை. எலும்போடு இருந்த இடத்தில் பிய்ந்து, உள்ளே வெகுதூரம் சுருங்கிப் போயிருக்கிறது. அதன் தசை வேலையில்லாமல் கிடந்து கிடந்து கொழுப்பாக மாறிவிட்டது. இறைச்சிக் கடையில் பார்த்திருப்பீர்களே, சிவப்புக்குள் வெள்ளை ஓடுகிற மாதிரி. இவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல ஆசியா உம்மா தலையாட்டினாள்.

"இது எப்படி நடந்தது என்று கேளுங்கள்," என்றார் டொக்டர்.

இவர் கேட்டார். அவள் படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"சுனாமியில. இடது கையால மதில் கம்பியப் புடிச்சிருந்த. வலது கையில முஸ்பிறா. தண்ணி திரும்பிப் போகக்குள்ள இழுத்திச்சு. மறுகா கையில புள்ள இல்ல."

இவர் அதை மொழிபெயர்த்தார். அவருடைய இங்கிலீஷ் தடுமாறி நான் அன்றுதான் கேட்டேன். டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். ஆசியா உம்மாவைப் பார்த்தே ஒரு விசயம் சொன்னார். எனக்கு விளங்கியது. இவருக்கும் விளங்கியது.

இவர் ஆசியா உம்மாவிடம் திரும்பி, "தசை அறுந்திருக்காம்," என்றார். அதோடு நிறுத்திவிட்டார்.

டொக்டர் அவள் முகத்தில் ஒரு மாற்றமும் காணாமல், நான் சொன்னதைச் சொன்னீர்களா என்று கேட்டார். சொன்னேன் என்றார் என் மனிசன்.

எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்தில் நின்றவரின் கையில் கிள்ளினேன். "முழுக்கச் சொல்லுங்க. இல்லாட்டி நான் சொல்லுவன்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்க்க முயன்று, முடியாமல், வெளிச்சப் பெட்டியைப் பார்த்துச் சொன்னார்.

"டொக்டர் சொல்றார்... கையை விட்டிருந்தா தோள் இப்பிடிப் பிய்ஞ்சிருக்காதாம். தசை எலும்ப விட்டுப் போகுமட்டும் இந்தக் கை புடிச்சிருக்காம். கை விடல்லயாம். தோள்தான் அறுந்த."

ஆசியா உம்மா அவர் வாயையே பார்த்தாள்.

"அப்ப நான் புள்ளைய விடல்லயா சேர்?"

அந்தக் கேள்வியை அவள் டொக்டரிடம் கேட்கவில்லை. இவரிடம்தான் கேட்டாள். முற்றத்தில் எல்லாருக்கும் முன்னால் சொன்னவர் இவர்தானே.

"இல்ல," என்றார் இவர். "இல்ல தங்கச்சி. நீங்க விடல்ல."

அவள் அழவில்லை. வலது கையை எடுத்து, தூங்குகிற பிள்ளையை எடுப்பது போல மடியில் வைத்துக்கொண்டாள். டொக்டர், முகாம்களுக்கு வெளிநாட்டு வைத்தியர்கள் வந்தார்களே, அப்போதே காட்டியிருந்தால் தைத்திருக்கலாமே, ஏன் காட்டவில்லை என்று கேட்டார். இனித் தைக்க ஒன்றும் மிச்சமில்லை, பயிற்சி செய்தால் வலி மட்டும் குறையும் என்றார். இவர் அதையும் சொன்னார்.

"என்னெண்டு காட்டுற?" என்றாள் அவள், சாதாரணமாக. "புள்ளைய விட்ட கைக்கு மருந்து கேக்க வெக்கமா இருந்திச்சு."

இதை மொழிபெயர்க்க என் மனிசனால் முடியவில்லை. இரண்டு தரம் தொடங்கிப் பார்த்தார். டொக்டர் பரவாயில்லை என்று கையைக் காட்டினார். விசயம் விளங்கியதோ என்னவோ, படத்தை உறையில் போட்டு ஆசியா உம்மாவின் கையில் அவரே கொடுத்தார்.

வெளியே வந்ததும் இவர் நேராக நர்ஸின் மேசைக்குப் போனார். கத்தரிக்கோல் கேட்டார், மறுபடி உள்ளே எடுக்கச் சொன்னார். நான் பின்னால் ஓடி, பையைத் திறந்து பிடித்தேன். கொண்டுவாங்க, ஒருவரும் பார்க்கவில்லை என்றேன். நடைபாதையில், அத்தனை பேர் உட்கார்ந்திருக்கிற இடத்தில், சட்டையைத் தூக்கி இடுப்பு நூலைக் கத்தரித்தார். என் பையைத் தாண்டி நொண்டிக்கொண்டு போனார். ஆசியா உம்மா கதிரையில் உட்கார்ந்து லேஞ்சியைத் திரும்ப மடியில் விரித்திருந்தாள். அவருடைய மணிக்கூட்டுக்கும் கந்தப்போடி அண்ணனின் அச்சரக்கூட்டுக்கும் நடுவில் தன் தாயத்தை வைத்தார்.

"இதையும் வெச்சிருங்க," என்றார்.

கந்தப்போடி அண்ணன் வாயைத் திறந்து, திரும்ப மூடிக்கொண்டார். கேலி பண்ணத் தெரிந்த மனிதருக்குக் கேலி எங்கே நிற்க வேண்டும் என்றும் தெரிந்திருந்தது. ஆசியா உம்மா அந்த வெள்ளிக் கூட்டைப் பார்த்தாள். தேய்ந்து மங்கிப் போயிருந்த நூலைப் பார்த்தாள். எவ்வளவு காலமாக அது அங்கே இருந்திருக்கிறது என்று கணக்குப் பார்க்க அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

"உள்ளுக்குப் போங்க சேர், கூப்பிடுறாங்க," என்றாள். குரலில் கோபமும் இல்லை, மரியாதையும் குறையவில்லை. அவள் இரண்டு ஏச்சு ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இந்த முறை ஆலைச் சத்தம் நிற்காமல் நீண்ட நேரம் இடித்தது. அவர் வெளியே வந்தபோது சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. படம் தெளிவாக விழுந்திருந்தது. டொக்டர் கிளம்புவதற்கு முன்னால் நின்றபடியே அதைப் பார்த்தார். எலும்பின் தலையில் ஒரு பகுதி செத்துத்தான் இருக்கிறது, ஆனால் பந்து இன்னும் நொறுங்கவில்லை, துளை போட்டுப் பார்க்கலாம், திரும்பச் சுஜூது செய்யலாம் என்றார். அல்ஹம்துலில்லாஹ் என்றேன் நான். அவருடைய எலும்பு காப்பாற்றப்படப் போகிறது, அவளுடைய தசை போய்விட்டது. அந்தக் கணக்கு அவர் முகத்தில் தெரிந்தது.

நடைபாதையில் ஆசியா உம்மா ஒவ்வொருவரின் சாமானையும் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கந்தப்போடி அண்ணனின் முருகன் அவரிடம் போனார். இவருடைய மணிக்கூடு, கண்ணாடி, மோதிரம், பேர்ஸ். கடைசியாகத் தாயத்தை எடுத்து நீட்டினாள். ஒரு தூசி படாமல் லேஞ்சியின் நுனியில் சுற்றி வைத்திருந்தாள்.

இவர் கையை நீட்டவில்லை.

"எனக்கு வேணாம். கடல்ல போட்டுருங்க."

"கடல்ல போட்டது போதும் சேர்," என்றாள் ஆசியா உம்மா.

அவர் தலை குனிந்தது. இத்தனை வருசத்தில் யாருக்கு முன்னாலும் அந்தத் தலை அப்படிக் குனிந்து நான் பார்த்ததில்லை. "நான் அண்டைக்குச் சொன்ன..." என்று தொடங்கினார். அதற்கு மேல் வரவில்லை. அவள் காத்திருந்து பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, தாயத்தை என் கையில் வைத்தாள்.

"கட்டி விடுங்க ராத்தா. பயந்த மனிசன். திரும்பிப் போற வழியும் தூரம்."

நான் நூலை இழுத்துப் பார்த்தேன். முடிச்சோடு கத்தரித்ததில் அது குட்டையாகிவிட்டது. அவருடைய இடுப்புக்குக் காணாது.

"கையில கட்டுங்க," என்றாள் அவள். "நானும் கையிலதான் கட்டியிருந்த."

என் மனிசன் கண்ணாடியைப் போடாத கண்ணால் எங்கோ பார்த்தபடி, மாற்றிப் போட்டிருந்த சேட்டின் நீளக் கையை மேலே சுருட்டி வலது கையை நீட்டினார். அந்த மணிக்கட்டில் நூலைச் சுற்றிச் சுற்றி நான் முடிச்சுப் போட்டேன். நர்ஸும் படம் எடுக்கிற தம்பியும் வேனுக்கு வரச்சொல்லிக் கூப்பிட வந்த றிப்தியும் பார்த்துக்கொண்டுதான் நின்றார்கள். எங்கள் ஊரில் அன்று சாயந்தரத்துக்குள் தெரியாத வீடு இருக்காது.

திரும்பி வரும்போது அவர் முன் சீட்டில் ஏறவில்லை. பின்னால், எங்களோடு உட்கார்ந்தார். கல்முனைக்கு வந்து, பள்ளிவாசலடியில் இறங்கி, ஆட்கள் ஓடி வந்து கை கொடுக்கும் வரைக்கும், சேட்டின் நீளக் கையை அவர் இறக்கி விடவே இல்லை.